கப்பலில் வந்த சைக்கிள் சீற்

1

போன வெள்ளிக்கிழமை என் கணவருக்கு முதலாம் வருடத் திவசம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆட்டத் திவசம் என்போம்; இங்கே கொடைக்கானலில் தெவசம் என்கிறார்கள். விடிந்து வெகுநேரமாகியும் பனிமூட்டம் விலகவில்லை. பழனியிலிருந்து மாமியார் முதல் நாளே வந்து சமையலைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்த வாழையிலைக் கட்டு, குளிரில் விறைத்துப்போய், விரிக்க விரிக்கக் கிழிந்தது.

சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் என் கணவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். பூம்பாறையிலிருந்து ஒருவர் ஒரு கட்டு உள்ளியோடு வந்து நின்றார். உள்ளியை இங்கே வெள்ளைப்பூண்டு என்பார்கள். திவசச் சமையலில் அதைச் சேர்க்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. வெறுங்கையோடு வர மனம் வரவில்லை, அவ்வளவுதான். மாமியார் அதை வாங்கிப் பின்வாசலில் வைத்தார்.

"கம்பவுண்டரு வர்றது அந்தக் கோடி வளைவுலயே தெரிஞ்சு போகுங்கம்மா," என்றார் அந்த மனிதர். "மத்தவுக எல்லாம் சைக்கிள்ல குனிஞ்சுக்கிட்டு வருவாக. இவுக மட்டும் நட்டமா ஒக்காந்து வருவாக, நாக்காலில ஒக்காந்த மாதிரி."

பிறகு வந்தவர்களும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அவர் போட்ட ஊசி வலிக்காது என்றார்கள். அவர் சைக்கிளில் வரும் அழகைச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபோது, இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு, ஒரு சைக்கிள் சீற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று படலாம். அங்கே சைக்கிள் இல்லாத வீடு ஏது? ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நல்ல சீற்றுக்காக இரண்டு நாடுகளில் அலைந்தோம். அதைச் சொல்கிறேன்.

2

நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். ஐயா, என் அப்பா, புகையிலை வியாபாரி. வருடத்துக்கு ஒருமுறை பழனிக்கு வந்துவிடுவார். மலையடிவாரத்தில் யாத்திரிகர்களைத் தங்கவைக்கும் ஒரு வீட்டில்தான் எப்போதும் தங்குவார். ஒருதடவை அங்கே கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வீட்டின் இளைய மகன் தங்கவேலு அப்போது கம்பவுண்டர் வேலை பழகிக்கொண்டிருந்தார். அவர்தான் ஐயாவை எழுப்பி உட்காரவைக்கும்வரை பக்கத்தைவிட்டு நகராமல் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பிய ஐயா, பெட்டியைக்கூடத் திறக்காமல் அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பாக்கியத்துக்கு ஒரு பெடியனைப் பாத்திட்டு வந்திருக்கிறன். கடலுக்கு அங்கால. நீ அழாதை."

அம்மா அழுதார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், தலைமன்னாரில் கப்பல் ஏறி நான் இந்தப் பக்கம் வந்தேன். அவருக்குக் கொடைக்கானலில் ஒரு டாக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து இந்த மலைதான் என் ஊர்.

இந்த ஊருக்கும் சைக்கிளுக்கும் பெரிய பொருத்தம் இல்லை. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த கை மரத்துவிடும். ஏரியைச் சுற்றிய சாலை மட்டும்தான் சமதரை. உல்லாசப் பயணிகள் வாடகைச் சைக்கிளில் அதைச் சுற்றிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் என் கணவருக்குச் சைக்கிள் இல்லாமல் சோலி நடக்காது. ஏரிக்கரைப் பங்களாக்கள், சந்தைப்பக்கத்து வீடுகள், மேலே ஆப்சர்வேட்டரி ரோடு என்று வீடு வீடாகப் போய் ஊசி போடுவதும் கட்டு மாற்றுவதும் அவருடைய வேலை. வெள்ளகவி போன்ற இடங்களுக்கு ஒற்றையடிப் பாதை மட்டும்தான். அங்கே நடந்து போவார். சைக்கிளில் போகும்போது மருந்துப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொள்வார். போத்தல்கள் ஆடக்கூடாது என்று ஹேண்டிலை உயர்த்தி வைத்து, முதுகை நிமிர்த்தியே ஓட்டிப் பழகிவிட்டார்.

கலியாணத்துக்கு முன் நானும் படிப்பிக்கப் பாடசாலைக்குச் சைக்கிளில் போய் வந்தவள்தான். என் தம்பி யோகன் சைக்கிள் பந்தயக்காரன். அதனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். குனிந்து ஓடுகிறவனுடைய பாரம் பாதி கையில் இறங்கும். அவனுக்கு ஒடுக்கமான சீற் போதும். நிமிர்ந்து ஓடுகிறவருடைய பாரம் முழுவதும் சீற்றில்தான். அவருக்குப் பின்பக்கம் அகன்று, கீழே நல்ல ஸ்பிரிங் வைத்த தோல் சீற் வேண்டும். தோலும் தடிப்பாக இருக்கவேண்டும். முதலில் கல் மாதிரி இருக்கும். ஓட ஓட ஆளின் உடம்புக்கு ஏற்றபடி படியும்.

இதை ஒருநாள் அவரிடம் சொன்னபோது சிரித்தார். "சைக்கிள் ஓட்டுன டீச்சரைக் கட்டுனதுக்கு இது ஒரு லாபம்," என்றார்.

3

அவர் தவறுவதற்கு முந்திய வருடம், மழை முடிந்து பனி விழத் தொடங்கிய நேரம். சாப்பிடும்போது அவர் ஒருபக்கமாகச் சரிந்து உட்காருவதைக் கண்டேன்.

"இஞ்சருங்கோ, என்ன ஒருபக்கமா இருக்கிறியள்?"

"ஒண்ணுமில்ல. சைக்கிள் சீட்டு தொங்கிப் போச்சு. எலும்புல இடிக்குது."

வெளியே போய்ப் பார்த்தேன். உண்மைதான். தோல் நடுவில் பள்ளமாகித் தொங்கியது. பின்பக்கத்து ஆணி ஒன்றின் தலை தோலைவிட்டு மேலே துருத்திக்கொண்டு நின்றது. முன்மூக்குக்குக் கீழே இருக்கும் நட்டை இறுக்கித் தோலை இழுத்துவிட்டேன். இரண்டு நாளில் அந்தத் தோல் ஓரத்தில் கிழிந்தது.

புதுச் சீற் வாங்க இருவரும் வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். சைக்கிள் கடைக்காரர் பளபளப்பான ஒரு சீற்றை எடுத்து வைத்து அமுக்கிக் காட்டினார்.

"புதுசா வந்த மாடலுங்க. உள்ள பூராம் ஸ்பாஞ்சு. மெத்தையில ஒக்காந்த மாதிரி இருக்கும்."

நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். அடியிலிருந்த தகரம் வரைக்கும் விரல் போனது. "உதிலை இருந்தால் ஆள் தாண்டு போவார். பிறகு ரெண்டு பக்கமும் உரஞ்சும். அகலமான தோல் சீற் ஒண்டு காட்டுங்கோவன்," என்றேன்.

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குக் கேரளாவுங்களா?"

"இல்லைங்க. சிலோனு."

"அதானே பாத்தேன். இருந்தாலும் தமிழ் நல்லாத்தான் பேசுறாங்க."

என் கணவர் பஸ் ஏறும்வரைக்கும் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும், நான் வாய் திறந்தால் இன்னும் ஒருவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார். கடையில் அகலமான தோல் சீற் இல்லாததால் ஸ்பாஞ்சு வைத்ததைத்தான் வாங்கி வந்தோம். நான் சொன்னபடியே அது அமிழ்ந்தது, உரஞ்சியது. அடுத்து ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் விடுகிறவரிடம் ஒரு பழைய தோல் சீற்றை வாங்கி மாட்டினோம். அது ஒடுக்கமாக இருந்தது. வலி கூடியது.

ஊரில் எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. சீற்றை அரை விரல்கடை இறக்கச் சொன்னார் ஒருவர். மூக்கைத் தூக்கி வைக்கச் சொன்னார் இன்னொருவர். மாமியார் பழனியிலிருந்து இலவம்பஞ்சில் ஒரு சின்னத் தலையணை தைத்து அனுப்பினார். அதைக் கட்டிக்கொண்டு ஒருநாள் போய்வந்தவர், "தலகாணியில ஏறி ஊர்வலம் போறேன்னு பிள்ளைக சிரிக்குதுக," என்று அவிழ்த்துவிட்டார். சீற்றுகளைப் பற்றிப் பேசிப் பேசியே வலி எங்களுக்குப் பழகிப்போனது.

அவர் வேலை பார்த்த டாக்டர் ஒருநாள் மேசையில் படுக்கவைத்து இடுப்பை அழுத்திப் பார்த்தார். எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்டார். மதுரைக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். "சீசன் முடியட்டும் சார், வெரசா போயிட்டு வந்திர்றேன்," என்று இவர் தள்ளிப் போட்டார். கோடைக்கால ஜனம் மலையேறத் தொடங்கியிருந்தது. பங்களாக்கள் நிறைந்துவிட்டன. அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

4

யோகனுக்கு எழுதினேன். அங்கே இன்னும் இங்கிலாந்துச் சாமான்கள் கடைகளில் கிடைக்கும். இந்தியாவில் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. அவனிடமிருந்து பதில் வந்தது. ஒரு தட்டத்தில் ஈரமணலைப் பரப்பி, அத்தானை அதன்மேல் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, எழும்பிய பிறகு விழுந்திருக்கும் இரண்டு குழிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து அனுப்புங்கோ என்று எழுதியிருந்தான். சீற்றின் அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடவாக இருக்கவேண்டுமாம்.

பின்வளவில் ஒரு பழைய தாம்பாளத்தில் மணலைப் பரப்பினேன். அவர் வேட்டியை மடித்துக்கட்டி, முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு, அதில் போய் உட்கார்ந்தார். எங்கள் மகள் மாலாவுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்பா, ப்ளீஸ், என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் வந்துரப் போறாங்க!"

"வரட்டும். அவங்களையும் ஒக்கார வச்சு அளந்து விடுவோம்."

எழும்பும்போது அவருக்கு நான் கை கொடுக்கவேண்டியிருந்தது. மணலில் இரண்டு குழிகள் இருந்தன. வலது ஆழமாக, இடது மேலோட்டமாக. வலியில்லாத பக்கம் பாரத்தைப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நூலால் தூரத்தை அளந்து, அந்த நூலையே கடிதத்தோடு வைத்து அனுப்பினேன்.

சீற்றைத் தபாலில் அனுப்பினால் வந்து சேராது என்று பயந்து, யோகன் தானே கொண்டு வந்தான். கப்பலில் தனுஷ்கோடியில் வந்து இறங்கியதும் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததை அவன் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று நடித்தே காட்டினான். அதிகாரி துணியை அவிழ்த்துச் சீற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்பிரிங்குக்குள் விரலை விட்டு ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று துழாவியிருக்கிறார்.

"சைக்கிள் எங்க?"

"சைக்கிள் கொடைக்கானல்லை நிக்குது. சீற் மட்டும்தான் கொண்டு போறன்."

"இத எதுக்குக் கடல் தாண்டிக் கொண்டு போறீங்க? இங்க சீட்டு இல்லையா?"

"அத்தானுக்குத்தான் ஐயா. அத்தானாலை இருக்க ஏலாது."

உட்கார முடியாது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். இருங்கோ என்றால் உட்காருங்கள். இங்கே இருப்பது என்றால் வேறு, உயிரோடு இருப்பது. அதிகாரி சீற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாராம்.

"என்ன சொல்றீங்க? அவ்வளவு மோசமா?"

"ஓம். நாலைஞ்சு மாசமா இருக்க ஏலாமல்தான் திரியிறார்."

அதிகாரிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. சீற்றைத் தாமே துணியில் சுற்றிக் கொடுத்து, "போங்க தம்பி, ரயிலுக்கு நேரமாச்சு. போய் முகத்தப் பாருங்க," என்று அனுப்பியிருக்கிறார். ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பது யோகனுக்குப் பிடிபட்டது.

நாங்கள் அன்று வயிறு நோகச் சிரித்தோம். அவர்தான் அதிகம் சிரித்தார். சுவரில் சாய்ந்து நின்றபடி, "நான் போய்ட்டேன்னு நெனச்சே விட்டுட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு பல நாள் வீட்டுக்கு யார் வந்தாலும் யோகனைப் போலவே அதை நடித்துக் காட்டினார்.

5

நல்ல சீற் அது. கரும்பழுப்புத் தோல். பின்பக்கம் என் இரண்டு கைகளையும் விரித்து வைத்தால் நிறையும். செம்பு ஆணிகள் தோலுக்குள் அழுந்தி, தடவினால் கையில் தட்டாமல் இருந்தன. அடியில் தடித்த சுருள் ஸ்பிரிங். யோகன் ஒரு பகல் முழுவதும் அதோடு மினக்கெட்டான். அடித்தோலில் கொழுப்புப் பூசினான். மூக்கு சிறிதும் சரியாமல் மட்டமாக வைத்தான். கால் முழுவதும் நீளாமல், முழங்கால் கொஞ்சம் மடங்கி நிற்கும்படி உயரத்தைத் திருத்தினான். மழையில் நனைந்தால் தோல் இளகிவிடும் என்று, டிஸ்பென்சரியிலிருந்து கிழிந்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கி வெட்டி உறை தைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் சந்தைவரைக்கும் போய்வந்தவர், சைக்கிளைவிட்டு இறங்காமல் வாசலிலேயே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"பாக்கியம்."

"என்ன?"

"வலிக்கலை."

"உண்மையாவோ?"

"கல்லு மாதிரிதான் கெடக்கு. ஆனா வலிக்கலை. ஒந்தம்பிக்குக் கோயில் கட்டலாம்."

அந்த வலி அப்போது ஏன் குறைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீற் தாங்கியிருக்கலாம். இல்லை, வியாதியே சில வாரம் ஒதுங்கி நின்றிருக்கலாம். எது என்றாலும், எங்களுக்கு நல்ல நாட்கள் கிடைத்தன. வெள்ளனே எழும்பி, முகம் மழித்து, உறையைக் கழற்றிச் சீற்றை ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புவார். இரவு சாப்பாட்டுக்கு நேராக உட்கார்ந்தார். யோகன் ஊருக்குத் திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றினார். நான் கலியாணமான நாளிலிருந்து அப்படிப் போனதில்லை. பேரிக்காய் காய்த்துக் குலுங்கும் தோட்டங்களைக் கடந்து போனோம். குதிரைக்காரர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் மணியை அடித்துக்கொண்டே போனார்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் மாலா தன் பள்ளிக்கூடத் தோழிகள் மூன்றுபேரோடு நின்றாள். இங்கிலீசில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளைக் கண்டு மணியை இரண்டுதரம் அடித்தார். நான் கையை அசைத்தேன். மாலா எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்சத் தூரம் போகும்வரை அவர் மணியைத் தொடவில்லை.

"அந்த வயசு அப்படித்தான்," என்றார் பிறகு. "நானும் எங்க அப்பாவ அடிவாரத்துல பாத்தா தெரியாத மாதிரித்தான் போவேன்."

"என்ரை தமிழ்தான் அவளுக்கு வெக்கம். வீட்டுக்குள்ளயும் இப்ப இங்கிலீசிலைதான் மறுமொழி சொல்லுறாள்."

"ஒனக்கு மட்டுமா? என் தமிழுக்கும் அப்படித்தான் சொல்றா. விடு."

அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு மிச்ச வழியைச் சுற்றினேன். மெலிந்திருந்தார். சட்டைக்குள்ளே எலும்பு தட்டியது. வேலை கடுமை, குளிர் நாள் வந்தால் உடம்பு தேறும் என்று நினைத்தேன்.

6

ஐப்பசி மழையில் ஒருநாள், இறக்கத்தின் அடியில் சைக்கிளை நிறுத்தும்போது அவருடைய இடது கால் தரையைத் தேடி வரவில்லை. அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பார்த்தவர்கள் ஓடிவந்து தூக்கியபோது, மருந்துப் பையை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாராம். ஒரு போத்தல்கூட உடையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள்.

"கால் எங்க இருக்குன்னே தெரியலை, பாக்கியம்," என்றார்.

டாக்டரே வந்து பார்த்தார். ஊசியால் காலைக் குத்திப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள் காலை பஸ்ஸின் பின்வரிசையில் படுக்கவைத்து மலையிலிருந்து இறக்கினோம். வளைவுக்கு வளைவு அவர் சரியாமல் நானும் மாலாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

மதுரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். நான் தொங்கிப்போன தோல் சீற்றிலிருந்து தொடங்கினேன். ஸ்பாஞ்சுச் சீற், வாடகைக் கடைச் சீற், தலையணை, ஊரிலிருந்து வந்த சீற் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. நான் முடித்த பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சீட்டு ஒண்ணும் செய்யலைம்மா," என்றார். "முதுகெலும்புக்கு அடியில கட்டி. அது பாட்டுக்கு உள்ள வளந்திருக்கு."

"முந்தியே வந்திருந்தால்?"

"முன்னாடியே பேரு தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான். எடுக்கிற எடத்துல இல்ல."

அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று இந்த ஒரு வருடமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

என் கணவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. அன்று இரவு நர்ஸ் கொண்டுவந்த மருந்துக் குப்பியைக் கையில் வாங்கி, பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எதுக்குப் போடுறதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் என்னிடம். "நானே எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். வீட்டுக்குப் போயிரலாம் பாக்கியம். இங்க வேக்காடு தாங்கலை."

கொடைக்கானலுக்கே திரும்பினோம். டாக்டர் தினமும் வந்து ஊசி போட்டார். ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கவைத்து எடுப்பதை மாலா எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரை வைத்தாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் அடுக்கினாள். அவர் கட்டிலில் கிடந்தபடி கவனித்துக்கொண்டிருப்பார். "கை படாம எடு. ம்... அப்படித்தான்." அந்த வாரங்களில் அப்பாவும் மகளும் கதைத்ததெல்லாம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் அவள் அவர் பக்கத்தில் இருந்த நேரம் என்னைவிட அதிகம்.

மார்கழிக்கு முன்பு, பனி விலகாத ஒரு பகலில் அவர் போய்விட்டார். என் கை அவர் நெற்றியில் இருந்தது. மாலா அடுப்படியில் தண்ணீர் கொதிக்கக் காத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அவருக்குப் பிறகு வந்த புதுக் கம்பவுண்டருக்குச் சைக்கிள் இல்லை. டாக்டர் கேட்டதும் என் கணவருடைய சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அந்த ஆள் சீற்றை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்குத் தோதுப்படலை. அவுக உடம்புக்குன்னு படிஞ்சு போச்சு. நான் ஒக்காந்தா ஒருபக்கமாச் சரியுது."

கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தயங்கி நின்ற அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். வலதுபக்கத்துத் தோல் ஆழமாகப் படிந்திருந்தது. எத்தனையோ பேருக்கு வலியைக் குறைத்தவர், தன் வலியை அத்தனை நாள் இந்தத் தோலின்மேல் சுமந்து, வீடு வீடாகப் போய் மணி அடித்திருக்கிறார். கையால் தடவிப் பார்த்தேன். பிறகு ரப்பர் உறையை மாட்டி, பரணில் ஏற்றிவிட்டேன்.

7

செத்தவீட்டுக்கு யோகனால் வர முடியவில்லை. பிரயாணக் கடதாசிகள் கிடைத்து அவன் வந்தபோது முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. "இனி இஞ்ச என்ன இருக்கு அக்கா? வாங்கோ போவம். வளவிலை உங்கடை பங்கு அப்பிடியே கிடக்கு," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. கலியாணமாகி வரும்போது ஐயா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்: கடவுச்சீட்டை மட்டும் மாத்திப்போடாதை, வர நினைச்ச நேரம் வரவேணும். நானும் மாற்றாமல் வைத்திருந்தேன். அதனால் என் வீட்டில் நான் இலங்கைக்காரி, மாலா இந்தியாக்காரி. அங்கே போனால் அவள் அனுமதி கேட்டு நிற்கவேண்டும். இங்கே நான் நிற்கிறேன்.

திவசம் முடிந்த திங்கட்கிழமை, தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். முன்பெல்லாம் என் கணவர்தான் கூட வந்து கதைப்பார். இந்தத் தடவை மாலா, பள்ளிக்கூட உடுப்போடு, நேரமாகிறது நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்தே, "அம்மா, நீங்க பேச வேணாம், நான் பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டாள். என் தமிழுக்காகத்தான்.

ஸ்டேசனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நல்ல மனிதர். என் கணவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்தான். காகிதங்களைப் புரட்டியவர் பேனாவை எடுத்து, பிறகு கீழே வைத்தார்.

"தங்குறதுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்குங்கம்மா. போன தடவ 'கணவர்'னு எழுதியிருக்கு." அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "இப்ப என்னன்னு போடுறதுங்க?"

ஸ்டேசன் சுவரில் ஈரம் ஊறிப் பாசி பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் இல்லை. உத்தியோகம் இல்லை. மாமியார் பழனியில். இந்த ஊரில் நான் இருப்பதற்கு என்ன காரணம் என்று யாரும் இதற்கு முன்பு என்னிடம் நேராகக் கேட்டதில்லை.

"மகள்னு எழுதுங்க சார்," என்றாள் மாலா.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்சு முடிச்சு மெட்ராசு, அங்கிட்டு இங்கிட்டுன்னு போயிட்டா என்ன பண்றது பாப்பா?"

அவள் போய்விடுவாள். எனக்கும் தெரியும். நர்ஸ் படிப்புக்கு எங்கெங்கே சேரலாம் என்று இப்போதே தோழிகளோடு இங்கிலீசில் கதைக்கிறாள்.

"அப்ப ரெண்டு பேரும் வந்து மாத்தி எழுதிக்கிறோம் சார்."

ரைட்டர் 'மகள்' என்று எழுதினார். ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், ஒரு வருடத்துக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் மாலா பள்ளிக்கூடப் பக்கம் வேகமாக நடந்தாள். நான் வீட்டுப் பாதையில் திரும்பினேன்.